வேதியர் முதல் ஓய்வூதியர் வரை: கத்தோலிக்கப் பொதுநிலையினரின் நோயாளர் செபப்பணி
(சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து)

முன்னுரை

தென்னிந்தியக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு பெரும்பாலும் குருக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர் அவ்வரலாற்றில் உதவியாளராகவோ ஞானமுழுக்குப் பெற்றோராகவோ மட்டுமே இடம்பெறுகின்றனர். ஆயினும் நோயாளியின் வீட்டிற்குச் சென்று செபித்தல் என்னும் பணி தொடக்கக் காலம் முதலே பொதுநிலையினரின் கையில் இருந்து வந்துள்ளது. இன்று சித்தூர், திருப்பதி போன்ற நகரங்களில் அலுவலகப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கத்தோலிக்கர் ஒருவர் மருத்துவமனைப் படுக்கையருகே நின்று செபிப்பாராயின், அது 1970களில் மேலைநாட்டிலிருந்து வந்த புதுவழக்கம் என்றே பலரும் கருதுவர். இக்கருத்து முழுமையானதன்று. இப்பணிக்குத் தமிழ் மண்ணில் ஏறத்தாழ 480 ஆண்டுக்கால மரபு உண்டு. அம்மரபில் செபிப்பவரை நியமித்தவர் யார், அவரது வாழ்வுக்கு வழிசெய்தவர் யார், அவரது செயல் எச்சொல்லால் குறிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து, ஓய்வுபெற்ற பொதுநிலையினரின் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆய்வுக்களம்

சித்தூர் மாவட்டம் வடஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் உருவாக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் எல்லைப்பகுதி இது. 1960இல் திருத்தணி முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துடன் இணைந்த பின்னரும் இவ்விருமொழித் தன்மை மறையவில்லை. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சிப் பிரிவில் இப்பகுதி, நெல்லூர் மறைமாவட்டத்திலிருந்து 1976இல் பிரிந்த கடப்பை மறைமாவட்டத்தைச் சார்ந்தது.

நோய் தீர வேண்டுதல் இப்பகுதியில் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. திருமலைக்கு நேர்ந்துகொண்டு முடியிறக்கும் வழக்கமும் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவுக்கு நேர்ந்துகொண்டு முடியிறக்கும் வழக்கமும் ஒரே பண்பாட்டு நிலத்தில் வேரூன்றியவை. வேண்டுதலும் மருத்துவமும் இங்கு அருகருகே வளர்ந்துள்ளமையும் நோக்கத்தக்கது. மதனப்பள்ளிக்கு அருகில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான காசநோய் மருத்துவமனைக்கு ‘ஆரோக்கியவரம்’ என்றே பெயரிடப்பட்டது. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சித்தூர் மக்கள் எளிதில் சென்றடையும் தொலைவில் உள்ளது. திருப்பதியில் 1993 முதல் சிறீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் இயங்கி வருகிறது. எனவே இப்பகுதியில் நோயாளருக்காகச் செபிப்பவர் மருத்துவம் எட்டாத இடத்தில் அதன் பதிலியாக நிற்பவர் அல்லர். மருத்துவமனையின் நிழலிலேயே செபிப்பவர் ஆவார்.

முத்துக்குளித்துறையில் தொடக்கம்

பிரான்சிசு சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544 சனவரி 15இல் கொச்சியிலிருந்து உரோமையிலிருந்த தம் சபையினருக்கு அவர் எழுதிய மடல் இவ்வாய்வுக்கு அடிப்படையான சான்றாகும். நோயுற்றோர் பலர் தம் இல்லங்களுக்கு அழைத்ததால் எல்லா இடங்களுக்கும் தாமே செல்ல இயலவில்லை என்றும், செபங்களை மனப்பாடமாக அறிந்த சிறுவர்களை அனுப்பிவைத்ததாகவும் அம்மடலில் அவர் தெரிவிக்கிறார். சிறுவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அண்டை அயலாரையும் ஒன்றுகூட்டி, நம்பிக்கை அறிக்கையைப் பலமுறை சொல்லி, நோயாளிக்கு நம்பிக்கையூட்ட வேண்டும் என்பதே அவரிட்ட கட்டளை. தமிழகத்தில் கத்தோலிக்க நோயாளர் செபத்தின் தொடக்கச் சான்றுகளில் ஒன்றான இதில் செபித்தோர் குருக்கள் அல்லர் என்பதும், வளர்ந்தவர்கள்கூட அல்லர் என்பதும் குறிப்பிடத்தக்கன.

சவேரியார் ஊர்தோறும் செபம் கற்பிக்க ஒருவரை நியமித்தார். இவர்கள் ‘கணக்கப்பிள்ளை’ எனப்பட்டனர். இவர்களின் ஊதியத்திற்காகப் போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஆண்டுக்கு 4000 பணம் பெறப்பட்டது. நியமித்தவர் குரு, ஊதியம் அளித்தது அரச கருவூலம். பொதுநிலையினரின் பணி குருக்கள் பற்றாக்குறைக்கு ஈடாக ஏற்படுத்தப்பட்டது என்பது இதனால் தெளிவாகிறது. அடுத்த தலைமுறையில் அன்ரீக்கே அன்ரீக்கசு (1520–1600) புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை அமைத்தார். செபமும் மருந்தும் இம்மரபில் தொடக்கத்திலேயே இணைந்திருந்தன என்பதற்கு இது சான்றாகும்.

மறவர் நாட்டு நிகழ்ச்சி

பொதுநிலையினர் ஒருவரின் செபம் வரலாற்றின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சி, புனித அருளானந்தர் எனப்படும் யோவான் தெ பிரிட்டோவின் (1647–1693) வாழ்வில் காணப்படுகிறது. மறவர் நாட்டு அரசுரிமைக்கு உரியவராகக் கருதப்பட்ட தடியத்தேவர் கடும் நோயுற்றபோது அருளானந்தரை வரவேற்க விழைந்தார். அருளானந்தர் தாம் செல்லாமல் தம் உபதேசியார் ஒருவரை அனுப்பினார். உபதேசியார் நோயாளிமீது நற்செய்திப் பகுதியை ஓதிச் செபித்தார் என்றும் தடியத்தேவர் நலமடைந்தார் என்றும் அருளானந்தர் வரலாறுகள் கூறுகின்றன.

நலமடைந்த தடியத்தேவர் 1693 சனவரியில் ஞானமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியைத் தவிர ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் இராமநாதபுரம் சேதுபதியின் உறவினர். அதனால் எழுந்த சினம் அருளானந்தர் சிறைப்படவும், 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறக்கவும் காரணமாயிற்று. 1947இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மறைச்சாட்சியின் பெயர் உலகெங்கும் பரவியது. செபித்த உபதேசியாரோ பொது வழக்கில் ‘உபதேசியார்’ என்ற பொதுப்பெயராலேயே அறியப்படுகிறார். பொதுநிலையினரின் பணி எவ்வாறு பதிவாகியது, எவ்வாறு மறைந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க எடுத்துக்காட்டாகும்.

கர்நாடக மறைத்தளமும் புங்கனூரும்

மதுரை மறைத்தளத்தின் வழிமுறைகளைப் பின்பற்றி, புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சு சேசுசபையினர் கர்நாடக மறைத்தளத்தை நிறுவினர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொதுயி என்னும் குரு வடமேற்காகப் பயணம் செய்து, பிற்காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் அடங்கிய புங்கனூர்ப் பகுதியை அடைந்தார். இக்குருக்கள் துறவியர் உடை தரித்து, புலால் நீக்கி வாழ்ந்தனர். சிலரே ஆன குருக்கள் பரந்த நிலப்பகுதியில் பணிபுரிந்தமையால், செபம் கற்பித்தல், நோயாளரைச் சந்தித்தல், இறப்போரை ஆயத்தப்படுத்துதல் ஆகியவற்றிற்கு உபதேசியாரையே சார்ந்திருந்தனர். தெலுங்கிலும் ‘உபதேசி’ என்ற சொல்லே இப்பணியாளரைக் குறிக்க வழங்குவது இருமொழித் தொடர்பைக் காட்டும்.

இம்மறைத்தளத்தின் தலைவராக விளங்கிய பூசே, பால்டுசு என்னும் பிரெஞ்சு சேசுசபை அறிஞருக்கு எழுதிய மடல் ஐரோப்பியக் கருத்துப்போரில் இடம்பெற்றது. பண்டைய குறிசொல்லும் மரபு பூசாரிகளின் சூழ்ச்சியே என்று பொந்தனெல் எழுதியதை 1707இல் பால்டுசு மறுத்திருந்தார். பால்டுசுக்கு ஆதரவாகப் பூசே, தமிழகத்தில் பேய்பிடித்தோர் எனப்பட்டவர்கள் கிறித்தவர்களின் செபத்தால் விடுதலை பெறுவதாக எடுத்துக்காட்டினார். பாரிசு அறிஞர்களின் வாதத்திற்குத் தமிழ்நாட்டு எளிய கிறித்தவர்களின் செபம் சான்றாயிற்று. இச்சான்றை இன்றைய ஆய்வாளர் அவ்வாறே ஏற்றல் இயலாது. மறைபரப்பு ஆர்வத்தோடு எழுதப்பட்ட மடல்கள் இவை. எனினும் நோயாளருக்காகச் செபித்தல் பொதுநிலையினரின் இயல்பான செயலாக அன்று கருதப்பட்டது என்பதை அவற்றிலிருந்து ஐயமின்றி அறியலாம்.

இதே காலத்தில் வீரமாமுனிவர் (1680–1747) உபதேசியாருக்கென ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். பொதுநிலைப் பணியாளருக்கென ஒழுக்க நூல் ஒன்று தமிழில் தேவைப்பட்டமை இருவகையில் பொருளுடையது. அவர்கள் பெற்றிருந்த செல்வாக்கை அது காட்டுகிறது. அச்செல்வாக்கிற்கு நெறி வகுக்கும் தேவை இருந்ததையும் காட்டுகிறது. 1773இல் சேசுசபை கலைக்கப்பட்டபின் குருக்களின் எண்ணிக்கை மேலும் குறைந்தது. உபதேசியாரின் பொறுப்பு மேலும் கூடியது.

சொல் வழி அறியும் வரலாறு

பழைய தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் செபங்கள் ‘மந்திரம்’ எனப்பட்டன. பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம் முதலிய பெயர்களை முதியோர் நன்கறிவர். பொருள்களைப் புனிதப்படுத்துதல் ‘மந்திரித்தல்’ எனப்பட்டது. மந்திரித்த தீர்த்தம், மந்திரித்த எண்ணெய் ஆகிய தொடர்கள் வழக்கில் இருந்தன. ஊர்ப்புறத்தில் பேயோட்டுவோர் செய்ததும் ‘மந்திரித்தல்’தான். ஒரே சொல் இருவேறு செயல்களுக்கு வழங்கியபோது, நோயாளியின் வீட்டார் அவற்றை வேறுபடுத்தி அறிந்தனர் எனக் கொள்வதற்கில்லை. ‘மந்திரம்’ நீங்கிச் ‘செபம்’ நிலைபெற்றமை வெறும் சொல் மாற்றமாகாது. சொல்லின் ஆற்றலால் நோய் தீரும் என்ற எண்ணத்திலிருந்து, இறைவனின் விருப்பத்திற்குத் தன்னை ஒப்படைத்தல் என்ற எண்ணத்திற்கு நிகழ்ந்த நகர்வு அதில் புலனாகிறது.

மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. குரு நோயாளிக்கு எண்ணெய் பூசும் அருளடையாளம் முன்னர் ‘அவஸ்தைப்பூசுதல்’ எனப்பட்டது. குரு வந்தார் என்றாலே இறப்பு நெருங்கிவிட்டது என்று வீட்டார் அஞ்சினர். 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம், இது இறக்கும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என விளக்கியது. 1972இல் புதிய சடங்கு முறை அறிவிக்கப்பட்டது. தமிழில் ‘நோயில்பூசுதல்’ என்ற பெயர் நிலைபெற்றது. குருவின் வருகையே அச்சம் தந்த அக்காலத்தில், அச்சம் தராமல் நோயாளியை அணுகக்கூடியவராக உபதேசியாரும் அண்டை வீட்டாருமே இருந்திருப்பர் எனக் கருத இடமுண்டு.

சங்கத்திற்குப் பின்

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டு (1964), தூய ஆவியார் எல்லா நிலையினருக்கும் தனிக்கொடைகளை வழங்குகிறார் என்றது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஆணை (1965), இப்பணி குருக்கள் இரவலாகத் தருவதன்று, ஞானமுழுக்கிலிருந்தே வருவது என்று உணர்த்தியது. 1973 முதல் தக்க அனுமதி பெற்ற பொதுநிலையினர் நோயாளருக்கு நற்கருணை எடுத்துச் செல்லவும் வழி ஏற்பட்டது. பற்றாக்குறையை நிரப்ப அமர்த்தப்பட்ட கணக்கப்பிள்ளையின் நிலை, தன்னுரிமையுள்ள பணியாளர் நிலையாக மாறியது.

1967இல் அமெரிக்காவின் பிட்சுபர்க்கில் பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் பங்கேற்ற தியானத்திலிருந்து கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் தோன்றியது. 1972இல் அது மும்பையில் கால்கொண்டது. அதனை அங்குக் கொணர்ந்தவர்களுள் ஒருவரான மினூ எஞ்சினியர், பார்சி மரபிலிருந்து கத்தோலிக்கரான பொறியாளர், அவரும் பொதுநிலையினரே. கேரளத்தில் முரிங்கூர் தியான இல்லத்தின் பல்மொழித் தியானங்கள் 1990களில் தென்மாநிலங்களின் மக்களை ஈர்த்தன. இவ்வியக்கம் பழைய மரபின்மேல் வந்து படிந்த புதிய அலை எனலாம். பாடல், கைவிரித்தல், பெருங்கூட்டம் ஆகியவை புதியவை; நோயாளியின் வீட்டில் அயலாரைக் கூட்டிச் செபித்தல் 1544ஆம் ஆண்டு மடலிலேயே உள்ளது.

ஓய்வூதியரும் செபப்பணியும்

ஓய்வுபெற்ற பொதுநிலையினர் என்பார் 20ஆம் நூற்றாண்டு உருவாக்கிய புதிய மாந்தவகை. அரசுப்பணி, தொடர்வண்டித்துறை, வங்கி, கல்வி நிறுவனம் ஆகியவற்றில் பணியாற்றிக் குறித்த அகவையில் விலகி, ஓய்வூதியத்தால் வாழ்பவர் பழைய சமூகத்தில் இல்லை. ஆந்திரப் பிரதேசத்தில் அரசு ஊழியரின் ஓய்வு அகவை 1983இல் 58இலிருந்து 55ஆகக் குறைக்கப்பட்டது. பின்னர் மீண்டும் 58 ஆகி, 2014இல் 60ஆகவும் 2022இல் 62ஆகவும் உயர்ந்தது. அரசாணை ஒன்று ஒருவரின் பயனுடைய வாழ்வின் எல்லையை இவ்வாறு முன்னும் பின்னும் நகர்த்தவல்லது. உடல்நலமும் அறிவும் குன்றாத நிலையில் வேலையை இழந்தவர், நான் யாருக்குத் தேவை என்ற வினாவை எதிர்கொள்கிறார். பதவியால் அறியப்பட்டவருக்குப் பதவி நீங்கியபின் எஞ்சுவது எது என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

இரண்டாம் யோவான் பவுல் 1988இல் வெளியிட்ட பொதுநிலையினர் பற்றிய திருத்தூது ஊக்கவுரை இதற்கு விடை தர முயன்றது. தொழிலிலிருந்து ஓய்வு பெறுதல் முதியோர்க்குத் திருத்தூதுப் பணியில் புதிய வாய்ப்பைத் தருகிறது என்பது அதன் கருத்து. 1992இல் அவர் உலக நோயாளர் நாளை ஏற்படுத்தினார். 1993 முதல் பிப்ரவரி 11இல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. முதியவரின் ஓய்வும் நோயாளியின் தனிமையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமாக நோயாளர் செபப்பணி அமைகிறது.

பழைய உபதேசியாரோடு ஒப்பிடின் ஓய்வூதியரின் நிலை மூன்று வகையில் வேறுபடுகிறது. ஒன்று, உபதேசியாரின் வாழ்வு திருச்சபை தரும் படியைச் சார்ந்தது. ஓய்வூதியர் தம் பழைய உழைப்பின் பயனைக் கொண்டு வாழ்கிறார். ஆகவே நோயாளியிடமிருந்தோ பங்கிடமிருந்தோ எதையும் எதிர்பாராமல் செபிக்க அவரால் இயலும். இரண்டு, அவருக்கு நேரம் உண்டு. மருத்துவருக்குப் பல நோயாளர், குருவுக்குப் பல ஊர்கள். ஒரு படுக்கையருகே ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க ஓய்வுபெற்றவரே வல்லவர். தமிழும் தெலுங்கும் அறிந்த சித்தூர்ப் பகுதி முதியவர் நோயாளியின் தாய்மொழியிலேயே பேசவும் செபிக்கவும் கூடும் என்பது கூடுதல் நலம். மூன்று, உபதேசியாரை நியமித்தவரே நீக்கவும் முடியும். ஊதியம் பெறாத ஓய்வூதியரைக் கேள்வி கேட்பவர் எளிதில் இல்லை. முதலிரண்டும் அவரது வலிமை. மூன்றாவது அவரது இடர்.

எல்லைகள்

இந்த இடரைத் திருச்சபை உணர்ந்தே உள்ளது. எண்ணெய் பூசும் அருளடையாளத்தைக் குரு மட்டுமே நிறைவேற்ற முடியும் என்பது 1551இல் திரிதெந்து சங்கம் வலியுறுத்தியது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அதையே கூறுகிறது. பொதுநிலையினர் எண்ணெய் பூசுதல் அருளடையாளத்தோடு குழப்பத்தை ஏற்படுத்தும் என 1997ஆம் ஆண்டு அறிவுறுத்தல் தடுத்தது. 2000 செப்டம்பர் 14 நாளிட்ட, இராட்சிங்கர் கர்தினால் கையொப்பமிட்ட நலம்வேண்டும் செபங்கள் பற்றிய அறிவுறுத்தல் மேலும் நுட்பமானது. நலம்வேண்டிச் செபித்தல் எல்லாருக்கும் உரியது என அது ஏற்கிறது. செபக்கூட்டத்தை நடத்துவோர் போன்ற ஒரு பிரிவினருக்குக் குணமளிக்கும் கொடை உண்டு எனத் தாமாகக் கற்பித்தலை மறுக்கிறது. மிகையுணர்ச்சியையும் நாடகத்தன்மையையும் விலக்குகிறது. செபம் மருத்துவ வழிகளை விலக்குவதில்லை, ஊக்குவிக்கவே செய்கிறது என்றும் தெளிவுபடுத்துகிறது.

நாட்டுச் சட்டமும் இத்தகைய எல்லை ஒன்றை வகுத்துள்ளது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ முறைகள் குறித்த விளம்பரத் தடைச் சட்டம், மந்திரம், தாயத்து போன்றவற்றால் குறித்த சில நோய்கள் தீரும் என விளம்பரம் செய்தலைத் தடுக்கிறது. நோயாளியின் நம்பிக்கையை வணிகப்பொருளாக்கலாகாது என்பதில் சமய நெறியும் அரசு நெறியும் ஒன்றுபடுகின்றன. மருந்தை நிறுத்துமாறு ஒருவர் சொல்லும் கணத்திலேயே அவர் செபப்பணியாளர் என்ற நிலையிலிருந்து விலகிவிடுகிறார். நீரிழிவு, காசநோய், புற்றுநோய் போன்றவற்றில் மருத்துவம் இடையறுவதால் நேரும் இழப்பை எச்செபத்தின் பெயராலும் ஈடுசெய்ய இயலாது.

இவ்விடத்தில் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தரும் பகுப்பு துணைநிற்கிறது. மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்கு கூறுகளாக வள்ளுவர் காண்கிறார். நான்காமவரையும் மருத்துவத்தின் உறுப்பாகவே அவர் கொண்டமை எண்ணத்தக்கது. பொதுநிலைச் செபப்பணியாளரின் உண்மையான இடம் இந்நான்காம் இடமே ஆகும். அவர் இரண்டாம் இடத்திற்கு உரிமை கோரும்போது சிக்கல் எழுகிறது; நான்காம் இடத்தில் நிற்கும்போது நோய் தீரினும் தீராவிடினும் அவரது பணி பொருளிழப்பதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. நோயாளருக்காகப் பொதுநிலையினர் செபிக்கும் வழக்கம் 1540களிலேயே தமிழ்க் கத்தோலிக்கரிடையே வேரூன்றியது; அருங்கொடை இயக்கம் அதற்குப் புதிய வடிவம் தந்தது. ஊதியம் பெற்ற கணக்கப்பிள்ளை, படி பெற்ற உபதேசியார், எதிர்பார்ப்பற்ற ஓய்வூதியர் என்னும் வரிசையில் பணியின் பொருளியல் அடிப்படை மாறியது. மந்திரம் செபமானதும் அவஸ்தைப்பூசுதல் நோயில்பூசுதலானதும் அப்பணியின் பொருள் மாற்றத்தைக் காட்டுகின்றன. எண்ணெய் பூசும் உரிமை பற்றிய எல்லை மட்டும் மாறாதிருக்கிறது.

தடியத்தேவருக்காகச் செபித்த உபதேசியார் குணமாக்குபவர் என்று தமக்குப் பெயர் தேடிக்கொண்டதாக அவ்வரலாறுகளில் குறிப்பில்லை. நற்செய்தியை ஓதினார் என்ற செய்தியே நிற்கிறது. பதவியும் பட்டமும் நீங்கிய நிலையில் நோயாளியின் அருகே அமரும் ஓய்வுபெற்ற பொதுநிலையினர் இப்பெயரற்ற மரபின் வழித்தோன்றல் ஆவார். சித்தூர், திருப்பதிப் பகுதியின் பங்குப் பதிவேடுகளையும் முதியோரின் வாய்மொழிச் செய்திகளையும் தமிழ், தெலுங்கு ஆகிய இருமொழிகளிலும் தொகுத்தல், இம்மரபின் உள்ளூர் வரலாற்றை எழுதுவதற்கு உடனடித் தேவையாகும்.